பெயருக்கு விட்ட இடம்

பென்சிலைச் சீவிக்கொண்டே வாக்கியத்தை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கிறார். சுருள் அறுந்து விழுவதற்குள் வாக்கியம் முடிய வேண்டும். முடியாவிட்டால் இரண்டு சொல் வெளியே. இருபத்தாறு வருடத்தில் தலைவர்கள் நாலு பேர் மாறிவிட்டார்கள். இந்த அளவுகோல் மாறவில்லை.

எங்கள் விண்வெளி அலுவலகத்தில் தலைவருக்கு உரை எழுதுகிறவர் அவர். நான் சேர்ந்த புதிதில், பட்டம் வாங்கிய மிதப்பில், அவர் உரையில் ஒரு 'மகத்தான'வைச் சேர்த்துக் கொடுத்தேன். "ஊதிப் பாருங்க தம்பி, பதர்னா பறந்துடும்" என்று அந்தச் சொல்லை அடித்துவிட்டார்.

விண்கலம் கிளம்பும்போதெல்லாம் இரண்டு உரை எழுதுவார். ஒன்று வழியனுப்ப, மற்றது, போனவர்கள் திரும்பாவிட்டால் படிக்க. அதனால் அலுவலகத்தில் அவருக்கு 'இரங்கல் சார்' என்று பெயர்.

"என்ன சார், என்னைப் பத்தியும் எழுதி வச்சாச்சா?" என்பார் காசாளர், சாப்பாட்டு நேரத்தில்.

"உக்காந்து பாத்தேன்ப்பா. ஒரு வரிக்கு மேல தேறல."

இரண்டாவது உரையில் பெயர் வரும் இடங்களை மட்டும் வெறுமையாக விட்டுவிடுவார். "நிரப்பிடுங்க, கடைசி நேரத்துல தடுமாற முடியாது" என்று செயலர் நச்சரித்தால், "பென்சில் கூராத்தான் இருக்கு" என்பதோடு சரி.

இந்த முறை தகராறு முதல் உரையில். மூன்று பேர் போகிறார்கள். 'இவர்கள் திரும்பாமலும் போகலாம். தெரிந்தேதான் போகிறார்கள்' என்று எழுதியிருந்தார். செயலர் அந்த வரியை அடித்தார்.

"நல்ல காரியத்துக்குக் கிளம்புறப்ப இப்படியா வாய வைப்பாங்க?"

"மழை வரலாம்னு சொன்னா, மழைய நானாங்க கூப்பிடுறேன்? ஜனங்க குடை எடுத்துக்கட்டும்."

அவர் அடிக்க, இவர் எழுத, நாலு தடவை ஆயிற்று. போகிற மூவரில் ஒருவருடைய மனைவி அன்று கலம் கிளம்புவதைப் பார்க்க அனுமதிச் சீட்டு வாங்க வந்திருந்தார். "இந்தம்மாவே சொல்லட்டும்" என்று செயலர் தாளை அவரிடம் நீட்டினார். உரை எழுதுகிறவர் சட்டென்று எழுந்து கை நீட்டினார், தாளைத் திரும்ப வாங்க. அதற்குள் அந்த அம்மா இரண்டு முறை படித்துவிட்டார்.

"இருக்கட்டும் சார். அப்பா எப்ப வருவாருன்னு பொண்ணு தினம் கேக்குறா. எட்டு நாள்னு சொல்றேன். மீதி எனக்கு வாயில வரல. பெரியவங்க ஊருக்கே சொல்லிட்டா, அதைப் பிடிச்சுக்கிட்டு நானும் சொல்லிடுவேன்."

செயலர் அந்த வரியை அப்படியே விட்டுவிட்டார்.

மறுநாள் காலை, அலுவலகத் தொலைக்காட்சியில், தலைவர் அந்த வாக்கியத்தை ஒரே மூச்சில் சொன்னார். கேமரா முதல் வரிசைக்குப் போனது. அந்த அம்மா குனிந்து மகளின் காதில் பேசிக்கொண்டிருந்தார். சிறுமி அம்மாவின் முகத்தையே பார்த்திருந்துவிட்டு, மெல்லத் தலையாட்டினாள். கலம் மேலே எழும்ப, அறை முழுக்கக் கைதட்டல்.

இவர் தட்டவில்லை. தன் மேசைக்குப் போய் இரண்டாவது உரையை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். பிறகு பென்சிலை எடுத்து, சீவி வைத்திருந்த கூர்முனையை மேசைமேல் அழுத்தி ஒடித்தார்.