உச்சிக்கு முன் கொண்டுபோன சோறு

மல்லாவிச் சந்தையில் நீர்ப்பம்பிக்கு வார் வாங்கிக்கொண்டு நின்றபோது சோமபாலவின் அழைப்பு வந்தது. "அண்ணை, எங்கட சாமி மோசம் போயிட்டார்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "தெற்கிலயிருந்து ஆக்கள் வந்திட்டினம். கெதியா வாங்கோ" என்றார். இறந்தவருக்கு அழுவதா, வந்தவர்களுக்குப் பயப்படுவதா என்று தெரியாமல் சைக்கிளை உழக்கினேன்.

எங்கள் குளத்தடி விகாரையின் தலைமைப் பிக்குவான தேரர் அவர். போர் முடிந்தபின் இராணுவ முகாமோடு வந்தவர். முகாம் எடுபட்டபோது புத்தர் சிலையும் அரச மரமும் அவரும் மிஞ்சினார்கள். பௌத்தர் என்று சொல்ல, வீதியோரம் கடை வைத்திருந்த சோமபாலவின் குடும்பம் மட்டுமே இருந்தது. தேரரும் போய்விடுவார் என்றுதான் ஊர் காத்திருந்தது.

அவர் பட்டினி கிடக்கிறார் என்று கேள்விப்பட்டு, என் மனைவி சரசுவுக்குப் பொறுக்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை பிள்ளையார் கோயில் பூசை முடிந்ததும் சோறும் சொதியும் கொண்டுபோனாள். தேரர் வெயிலை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்.

"அம்மா, பசி இருக்குது. நேரம் போயிட்டுது. நாளைக்கு உச்சிக்கு முன்னம் வாங்கோ."

மத்தியானம் திரும்பினால் பிக்குமார் உண்பதில்லை என்று எங்களில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. "இந்த மனுசனுக்கு மணிக்கூடு பாத்தோ பசிக்கும்!" என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டு வந்தாள் சரசு. ஆனால் மறுநாள் விடியவே உலை வைத்தாள். அதன்பின் ஊரில் வீட்டுக்கு வீடு முறை வந்தது.

விகாரைக்கு உணவு தருபவர்களைத் தாயகர் என்பார்கள். அவர்களின் சபைதான் விகாரையின் காரியங்களை முடிவு செய்யும். தேரர் எங்களையும் அந்தச் சபைக்கு அழைத்தார். திருநீறு பூசியவர்களுக்கு இங்கே என்ன வேலை என்று வெளியூர்ப் பக்தர் ஒருவர் கேட்டார். "சோறு தாறவை தாயகர். தாயகருக்குக் கதைக்க உரிமை இருக்குது" என்று தேரர் தமிழிலேயே பதில் சொன்னார். எங்கள் பக்கமும் முணுமுணுப்பு இல்லாமல் இல்லை. "சோத்தைக் குடுத்துக் காணியையும் குடுக்கப் போறியளோ?" என்று கேட்ட என் தமையனார், அதோடு என்னுடன் கதைப்பதையே விட்டுவிட்டார்.

தமையனார் பயந்தது ஒருநாள் தெற்கிலிருந்து வாகனங்களில் வந்தது. பெரிய தாதுகோபுரத் தூபி ஒன்று கட்ட வேண்டுமாம், அதற்கு எங்கள் வயல் வாய்க்கால் வரை நிலம் வேண்டுமாம். வாய்க்கால் அடைபட்டால் எங்களுக்குப் போகம் இல்லை. தேரர் சபையைக் கூட்டினார். நாங்கள் வேண்டாம் என்றோம், சோமபாலவும் வேண்டாம் என்றார். வந்தவர்களிடம் தேரர் அதையே சொல்லி அனுப்பினார். போகும்போது அவர்கள் வாய்க்காலைப் படம் பிடித்துக்கொண்டு போனார்கள்.

அன்று நான் அவரிடம் மன்றாடினேன். "சாமி, ஒரு சீடனை எடுங்கோ. உங்களுக்குப் பிறகு விகாரை அவரிட்டத்தானே போகும்? இல்லாட்டி ஆரையோ அனுப்புவாங்கள்."

"கொண்டு வாறதெல்லாம் சின்னப் பிள்ளையள். தாயைத் தேடி அழுகிற பிள்ளைக்குக் காவி உடுத்த மாட்டன்" என்றார்.

அவர் சொன்னது சரி. அந்தச் சரிதான் இன்று எங்களைத் தெருவில் விட்டிருக்கிறது. அவரை நினைத்து அழும்போதே அவர்மேல் கோபமும் வருகிறது.

இறுதிச் சடங்கில் மஞ்சள் கொடிகளும் ஒலிபெருக்கியும் நிறைந்திருந்தன. தமிழில் ஒரு சொல் இல்லை. பொறுப்பேற்க வந்த பிக்கு எங்களைக் காட்டி, யார் இவர்கள் என்று சிங்களத்தில் கேட்டார். "தாயகர்" என்றார் சோமபால. அந்தப் பிக்கு ஏதோ சொன்னார். என்னவென்று கேட்டேன். எப்போதும் எங்களுக்கு மொழிபெயர்க்கும் சோமபால தலையைக் குனிந்துகொண்டார்.

திரும்பி வரும்போது பார்த்தோம். வாய்க்காலுக்கு எங்கள் பக்கம், நாற்று மேடைக்குள், சிவப்பு நாடா கட்டிய முளைகள் அடித்திருந்தன.

இன்று எங்கள் வீட்டு முறை. சோறு நின்றால் சொல்லும் நின்றுவிடும் என்று சரசுவுக்குத் தெரியும். இருட்டோடு எழும்பிச் சமைத்தாள். பத்து மணிக்கே கொண்டுபோனோம். விகாரைக் கேற்றில் புதுப் பூட்டு. உள்ளே ஆள் நடமாட்டம் தெரிந்தது. கூப்பிட்டோம். யாரும் திரும்பவில்லை. அரச மரத்து நிழல் அடிமரத்துக்குள் ஒடுங்கி, பிறகு மறுபக்கம் நீளத் தொடங்கும் வரைக்கும் சோற்றுச் சட்டியோடு நின்றோம்.

போய் வாருங்கள், சாமி. இந்த முறை நாங்கள் பிந்தவில்லை.