ஐனார் தின்ற கேக்

ஐனார் மோஸ்கோரைப் பற்றி எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் தங்கமான மனுஷன் என்பார்கள். நானும் அப்படித்தான் சொல்வேன், கொஞ்சம் பல்லைக் கடித்துக்கொண்டு. பக்கத்து வீட்டு வாசலில் விழுந்த பனியையும் சேர்த்துத் தள்ளிவிடுவார். மீனவர் சங்கத்தின் கம்ப்யூட்டர் படுத்துவிட்டால் காசு வாங்காமல் எழுப்பிக் கொடுப்பார். யாரிடமும் குரல் உயர்த்தியதில்லை. இப்படிப்பட்டவர் ஒரு தப்பு செய்துவிட்டால் அதை எங்கே வைப்பது என்று அவருக்கும் தெரிவதில்லை, நமக்கும் தெரிவதில்லை.

எங்கள் அலுவலகம் லிம் ஃபியோர்டு என்கிற கடற்கழியின் கரையில், ஒரு பழைய உப்புக் கிடங்கில் இருக்கிறது. தண்ணீரில் ஆங்காங்கே மிதவைகளைக் கட்டி விட்டிருக்கிறோம். சூடு, உப்பு, பிராணவாயு என்று அவை அளந்து அனுப்பிக்கொண்டே இருக்கும். படகில் போய் அவற்றின் பாசியைச் சுரண்டிக் குளிப்பாட்டி வருகிறவள் நான், கிரேதே. அவை அனுப்புவதை வாங்கிப் பத்திரப்படுத்தும் கம்ப்யூட்டர்கள் ஐனாரின் பொறுப்பு. எங்கள் எல்லோருக்கும் மேலே தோர்கில்.

ஐனாருக்கு மவுஸ் பிடிப்பவர்களைக் கண்டால் ஆகாது. கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டுவார், கம்ப்யூட்டர் ஒரு வரி பதில் சொல்லும். அவருக்கு அது போதும். அப்படித் தட்டிக் கூப்பிடுவதற்கென்றே அவராக எழுதிய ஒரு சின்ன நிரல் உண்டு. அதற்கு ஸ்போர் என்று பெயர் வைத்திருந்தார், காலடித் தடம் என்று அர்த்தம். எந்த டிஸ்க் எப்போது சேர்ந்தது, எப்போது கழன்றது, யார் அதில் எழுதினார்கள், எப்போது நிரம்பியது என்று ஒன்று விடாமல் தொடர்ந்து போய் எழுதி வைக்கும். மனைவி பிரிந்து போன வருடத்தில் எழுதியது. பிள்ளையில்லாத வீட்டில் அதுதான் பிள்ளை என்று நாங்கள் கிண்டல் செய்வோம். அவரும் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொள்வார்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் அலுவலகத்தில் யார் சொதப்பினாலும் அந்த வாரம் வெள்ளிக்கிழமை காபிக்கு அவர்தான் கேக் கொண்டுவர வேண்டும். என்ன செய்தேன் என்று கேக் வெட்டும்போது சொல்ல வேண்டும். எல்லோரும் வயிறு குலுங்கச் சிரித்துத் தின்போம். தட்டைக் கழுவி வைத்ததும் அந்தத் தப்பு செத்தது. அதற்குப் பிறகு அதைக் கிளறுகிறவருக்குத்தான் கெட்ட பெயர். நான் ஒருமுறை படகை மேலே ஓட்டி மிதவைக் கயிற்றையே அறுத்துக்கொண்டு வந்தேன். ஆப்பிள் கேக்கோடு அது முடிந்தது.

எஸ்பென் வந்தது போன வருடம். ஐனாருக்கு உதவியாக, ஒரு வருட ஒப்பந்தத்தில். மனைவிக்கு இங்கேயே பள்ளிக்கூடத்தில் வேலை, கையில் குழந்தை. இந்த வேலை நிரந்தரமானால் ஊரிலேயே இருந்துவிடலாம், இல்லையென்றால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். இலையுதிர் காலத்தில் முடிவு சொல்வதாகத் தோர்கில் சொல்லியிருந்தார்.

ஆகஸ்டில் வெயில் கொளுத்தியது. காற்றே இல்லை. அப்படிப்பட்ட நாட்களில்தான் ஃபியோர்டின் அடித்தண்ணீரில் பிராணவாயு வற்றும், சிப்பியும் விலாங்கும் கூட்டமாகச் சாகும். அது எப்படித் தொடங்குகிறது, எந்தப் பக்கத்திலிருந்து பரவுகிறது என்று அளந்து பிடிக்கத்தான் நாங்கள் கோடை முழுக்கக் காத்திருந்தோம். அந்த வாரம்தான் எஸ்பென் புது டிஸ்க்குகளைக் கொண்டுவந்து பொருத்தினான். வெள்ளிக்கிழமை மதியம் ஐனாருக்குக் கடலோரத்துக் குடிலுக்குக் கிளம்பும் அவசரம். ஆனாலும் மனசு கேட்கவில்லை. பையன் பொருத்தியது நிற்குமா, விழுமா? எல்லா டிஸ்க்குகளையும் கண்காணிக்கச் சொல்லி ஸ்போரை ஏவிவிட்டுப் போனார்.

எழுதுவதை எங்கே எழுத வைப்பது? புது டிஸ்க்கை அவர் நம்பவில்லை. அதனால் மிதவைகளின் அளவுகள் வந்து விழும் டிஸ்க்கிலேயே எழுதச் சொன்னார். திங்கட்கிழமை வரைக்கும்தானே என்று நினைத்தார். எந்த டிஸ்க்கைக் கண்காணிக்கிறோமோ அந்த டிஸ்க்கில் எழுதாதே என்பது ஸ்போருக்கு அவரே எழுதிய குறிப்பின் முதல் வரி. அது ஒரு வரி எழுதும். எழுதியதே ஒரு சம்பவம் ஆயிற்றே, அதையும் எழுதும். அதை எழுதியதையும் எழுதும். நாய் தன் வாலைத் துரத்துகிற மாதிரி சுற்றிச் சுற்றி எழுதி, சனிக்கிழமை விடியும்போது டிஸ்க்கில் ஊசி முனைக்கும் இடமில்லை. அதற்குப் பிறகு மிதவைகள் அனுப்பியதை வாங்கிக்கொள்ள ஆளில்லை. அந்த இரண்டு நாளில்தான் ஃபியோர்டு மூச்சு நின்று செத்தது.

திங்கட்கிழமை காலை கரை முழுக்க விலாங்குகள். நாற்றத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு அலுவலகத்துக்கு ஓடினேன், அளவுகளைப் பார்க்க. ஒன்றுமில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் நேராக எஸ்பென் முன்னால் போய் நின்றேன்.

"புது டிஸ்க் வச்ச கையோட என் ஃபியோர்டையும் முழுங்கிட்டியாப்பா?"

அவன் ஐனாரைத்தான் பார்த்தான். அப்போது எனக்கு அது கெஞ்சுகிற பார்வையாகத் தெரிந்தது.

"ஐனார், என்னன்னு பாரு" என்றார் தோர்கில்.

ஐனார் உட்கார்ந்து ஒரு வரி தட்டினார். முதல் பதிலிலேயே அவர் பெயர் இருந்தது. பின்னால் அவரே எனக்குச் சொன்னதுதான் இது. ஸ்போரை நிறுத்தினார். அது எழுதி வைத்த குப்பையை அழித்தார். இடம் கிடைப்பதற்கு அழிக்கத்தான் வேண்டும், அதில் குற்றமில்லை. திரும்பிப் பார்த்து, "டிஸ்க் நிரம்பிடுச்சு. புதுசா எதையாவது சேர்க்கும்போது சில சமயம் இப்படி ஆகும்" என்றார்.

பொய் என்று சொல்ல முடியாது. பொய்யைவிட மோசம்.

வெள்ளிக்கிழமை எஸ்பென் கேக் கொண்டுவந்தான். மேலே தேங்காய்த் துருவலும் பழுப்புச் சர்க்கரையும் உருக்கி ஊற்றிய கேக், மனைவி சுட்டது. கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான்.

"என்ன செஞ்சேன்னு சொல்லணும், இல்லையா?" என்றான். "எனக்குச் சொல்லத் தெரியல. கேக் மட்டும் இருக்கு."

எல்லோரும் சிரித்தோம். "தெரியாம செஞ்சவன் கேக்குக்கு ருசி ஜாஸ்தி!" என்று கத்தியவள் நான்தான். ஐனாருக்கு ஒரு பெரிய துண்டு வந்தது. தின்றார். எஸ்பென் இன்னொன்றை அவர் தட்டில் வைத்தான். அதையும் தின்றார். பத்து நாள் பட்டினி கிடந்தவர் மாதிரி தலை நிமிராமல் தின்றார். பிறகு கழிப்பறைக்குப் போனவர் வெகுநேரம் வரவில்லை.

அதற்குப் பிறகு ஐனார் செய்ததெல்லாம் பார்க்கச் சகிக்கவில்லை. எஸ்பெனின் சைக்கிளுக்குப் புது பிரேக் போட்டார். அவனுடைய சனிக்கிழமை வேலைகளைத் தானே இழுத்துப் போட்டுக்கொண்டார். மழை பெய்தால் காரில் கொண்டுபோய் வீட்டில் விட்டார். குழந்தைக்குப் பொம்மை ரயில் வாங்கினார்.

"என்ன கிழவா, அவனைத் தத்து எடுக்கப் போறியா?" என்று கேட்டேன்.

"நல்ல பையன், கிரேதே. வேலை தெரிஞ்ச பையன்."

"அதைத் தோர்கில்கிட்ட போய்ச் சொல்லு. என்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்?"

முகம் சாம்பலாகிவிட்டது. அன்றைக்கே எனக்குப் பிடிபட்டிருக்க வேண்டும். எனக்கோ என் விலாங்குகளின் துக்கமே பெரிதாக இருந்தது.

செப்டம்பர் முடியும் சமயம் தோர்கில் மதியச் சாப்பாட்டில் வாய் விட்டார். "எஸ்பென் விஷயம் கஷ்டமா இருக்கு. கேக் தின்னாச்சு, பேசக் கூடாதுதான். ஆனா ஒரு கோடை மொத்தமும் போச்சே. மேலிடத்துல கேக்கறாங்க."

ஐனார் கறுப்பு ரொட்டியில் ஈரல் விழுது தடவிக்கொண்டிருந்தார். கத்தி அப்படியே நின்றது. ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்தார்.

"தோர்கில், உன் ரூமுக்கு வா."

கதவு சாத்தியிருந்தாலும் அந்தக் கிடங்கின் சுவர் வெறும் பலகை. அவர் ஒன்றையும் மறைக்கவில்லை. பையனை நம்பாமல் ஸ்போரை ஏவியது, எழுத வைத்த இடம், அழித்தது, அந்த அரைகுறை வாக்கியம் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். தோர்கில் நல்லவர். கொஞ்ச நேரம் திட்டினார், பிறகு பெருமூச்சு விட்டார். எஸ்பெனுக்கு வேலை நிரந்தரம் என்று அன்றைக்கே எழுதிக் கொடுத்துவிடுவதாகச் சொன்னார். ஐனார் வெளியே வந்தபோது முகத்தில் ரத்தம் திரும்பியிருந்தது. ஒரு மாதத்துக்குப் பிறகு அவர் நிமிர்ந்து நடந்ததை அன்றுதான் பார்த்தேன்.

எஸ்பென் அந்த வேலையை வேண்டாம் என்றுவிட்டான். வீபோர் நகரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலைக்கு வருவதாகச் சொல்லியாகிவிட்டதாம், மனைவியும் அங்கே பள்ளிக்கூடம் தேடுகிறாளாம்.

சாயங்காலம் சைக்கிள் நிறுத்தும் இடத்தில் நான் ரப்பர் பூட்ஸைக் கழுவிக்கொண்டிருந்தேன். ஐனார் கோட்டுகூடப் போடாமல் அவன் பின்னால் ஓடி வந்தார்.

"எஸ்பென், தப்பு என்னுது. நான்தான் பண்ணேன். தோர்கில்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன்."

"தெரியும்."

"இப்போ சொன்னாரா?"

"அன்னிக்கு திங்கக்கிழமை உனக்கு முன்னாடியே நான் வந்துட்டேன், ஐனார். ஸ்போர் ஓடிட்டு இருந்துச்சு. யார் ஏவினது, எங்க எழுதுதுன்னு அதுகிட்டயே கேட்டேன். நீதானே கத்துக் குடுத்தே? உன்னோடது, நீயே வந்து நிறுத்துன்னு தொடாம விட்டேன்."

ஐனார் அவன் சைக்கிளைப் பிடித்தார். "அப்போ... அந்த கேக்?"

"நான் வெட்டறதுக்குள்ள நீ சொல்லிடுவேன்னு நினைச்சேன். சரி, தின்னுட்டாவது சொல்லுவேன்னு நினைச்சேன். அதான் ரெண்டாவது துண்டு வச்சேன்."

"நீ சொல்லியிருக்கலாமே. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"நான் சொன்னா அது புகார். நீ சொல்லியிருந்தா வெறும் கேக்." அவன் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் ஐனார் பிழைத்திருப்பார். "பிரேக் நல்லா பிடிக்குது, தேங்க்ஸ்" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை உருட்டிக்கொண்டு போய்விட்டான்.

ஐனார் தெருவையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குப் பாவமாகவும் இருந்தது, ஓங்கி ஒன்று வைக்கலாம் போலவும் இருந்தது. அந்தப் பையனை எல்லோர் முன்னாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டவள் நான்தானே, எனக்கும் உள்ளே எரிந்தது. குழாயை மூடினேன்.

அவர் திரும்பினார். கண்கள் சிவந்திருந்தன.

"கிரேதே, இந்த வெள்ளிக்கிழமை நான் கேக் கொண்டுவரட்டுமா?"

"வேண்டாம் ஐனார்" என்றேன். "யாரும் திங்க மாட்டாங்க."