ஓடையில் வெயில் விழுந்த வருஷம்

இன்று காலை முனிசிபல் ஆட்கள் ஈப்போவில் எங்கள் ஜெலாப்பாங் தெருச் சாக்கடைக்குக் கொசு எண்ணெய் அடித்துவிட்டுப் போனார்கள். அந்த வாடை வந்ததிலிருந்து எனக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. ஜன்னலைச் சாத்துகிறேன், புழுங்குகிறது. திறக்கிறேன், வாடை வருகிறது. இதை எழுதும்போதுகூட நடுநடுவே எழுந்து போய்ப் பின்கட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் வருகிறேன். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பின்கட்டில் ஒரு புதர் இருக்கிறது. எண்ணெய் அடித்தவர்களில் ஒரு பையன் அதைப் பார்த்துவிட்டு, "ஐயா, இதையும் வெட்டிப் போட்டுரவா? சுத்தமா இருக்கும்லா" என்றான். "தொடாதே!" என்று நான் போட்ட சத்தத்தில், பாவம், பம்பைக் கீழே போட்டுவிட்டான். அவன்மேல் என்ன தப்பு? சுத்தம் என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு அப்படித்தான் ஆகிவிடுகிறது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் நான் இதே மலாயாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் சின்னக் கிராணி. ஆபீஸில் எழுத்து வேலை, மிச்ச நேரத்தில் அதிகாரம். எங்கள் வெள்ளைக்காரத் துரைக்குத் தமிழில் நாலைந்து சொற்கள்தான் தெரியும். அதில் முதல் சொல் சுத்தம். ரப்பர் மரத்தடியில் ஒரு புல் தலைநீட்டினால் போதும், "சுத்தம் இல்லே!" என்று பிரம்பை நீட்டுவார். புல்வெட்டுப் பெண்கள் தரையைச் சுரண்டிச் சுரண்டியே மண் வழுக்கையாகிவிட்டது. மழை பெய்தால் செம்மண் கரைந்து ஓடும். அதற்கும் சுத்தம் என்றுதான் பெயர். நான் வேறு புதிதாகத் தொப்பி வாங்கியிருந்தேன். தலையில் தொப்பி ஏறியதும் துரையின் சொல் என் வாயிலும் ஏறிவிட்டது.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் மலையிலிருந்து இறங்கும் ஓர் ஓடை. இரண்டு கரையிலும் காட்டு வாழையும் சேம்பும் கொடிகளும் கவிந்து, உள்ளே தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்கும். என் மனைவி தனம் ஒருநாள் துணிக்கூடையைத் தொப்பென்று வைத்தாள்.

"ஏங்க, காலடியில பாம்பு நெளியுது. கைப்புள்ளய வச்சிக்கிட்டு நான் எப்படிப் போறது? அந்தக் கரையக் கொஞ்சம் வெட்டச் சொல்லுங்களேன்."

எங்கள் மகளுக்கு அப்போது ஆறு மாதம். செல்லம் என்று கூப்பிடுவோம். தனம் கேட்ட எதையும் நான் நேரத்தில் செய்ததாகச் சரித்திரமே இல்லை. ஒழுகுகிற கூரைக்கு இரண்டு மழைக்காலம் போயிற்று. விளக்குச் சிமினி உடைந்தே கிடந்தது. இதை மட்டும் மறுநாளே செய்துவிட்டேன்.

வெட்டுக்காரர்களின் தலைவர் மாரி அண்ணன். ஓடை வளைகிற இடத்தில் இரண்டு பெரிய மரங்கள், அடியில் குங்குமம் பூசிய கல். அங்கே வந்ததும் அவர் கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"இது முனியாண்டி நெழலு. இங்க மட்டும் கத்தி வைக்க மாட்டோம்யா."

"ஏன், வெயில் பட்டா முனியாண்டி கறுத்துருவாரா?" என்றேன். நான் மட்டுந்தான் சிரித்தேன்.

அந்த வளைவைத் தவிர எங்கள் வீட்டுப் பக்கத்துக் கரை முழுவதும் வெட்டியாயிற்று. ஓடையில் வெயில் விழுந்தது. அடியிலிருந்த கூழாங்கற்கள்கூடத் தெரிந்தன. தனம் குழந்தையைக் கல்லில் உட்காரவைத்துத் தண்ணீர் தெளித்து விளையாடினாள். துரை பாலத்தில் நின்று "சுத்தம்!" என்றார். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு பெருமை.

இரண்டு மாதத்தில் காய்ச்சல் வந்தது. தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்தின் கடைசி வீட்டில் ஒருவர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வெயிலில் நடுங்கினார். பிறகு அடுத்த வீடு. காலைப் பெரட்டில் பெயர் கூப்பிட்டால் பாதிப் பேர் வரவில்லை. கொய்னா மருந்தின் கசப்பு எல்லார் வாயிலும். மிச்சமிருக்கும் இருட்டுப் புதர்கள்தான் காரணம் என்று முடிவுகட்டி, மேல் ஓடைக் கரையையும் வெட்டச் சொன்னேன். காய்ச்சல் கூடியது. செல்லத்துக்கும் உடம்பு கொதித்தது.

தைப்பிங் ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டருக்கு உதவியாளரான ஒரு டிரெசர் வந்தார். ஓயாமல் மழை பெய்யும் ஊர்க்காரர் ஆனதால் கொளுத்துகிற வெயிலிலும் கக்கத்தில் குடை. எங்கள் வீட்டு அகப்பையை வாங்கிக்கொண்டு ஓடைக்கு இறங்கினார். நானும் மாரி அண்ணனும் கூடப் போனோம். கரையோரம் ஒரு தடவை முகந்து நீட்டினார்.

"பாருங்க, தண்ணி மேல படுத்துக் கெடக்கு புழு. இந்த மலேரியாக் கொசுவுக்குச் சாக்கடை வேண்டியதில்ல. தெளிஞ்ச தண்ணியும் வெயிலும் இருந்தாப் போதும்."

பிறகு முனியாண்டி வளைவுக்குப் போய்த் திரும்பத் திரும்ப முகந்தார். சருகு வந்தது, பொடி மீன் வந்தது. புழு ஒன்றுகூட இல்லை.

"இந்த நெழல மட்டும் விட்டு வச்சது யாரு?" என்று கேட்டார்.

மாரி அண்ணன் என்னைப் பார்த்தார். அவர் அப்போது சிரித்திருக்கலாம். சிரிக்கவில்லை.

அந்த வாரமே செல்லம் போய்விட்டாள்.

"பொதர வெட்டச் சொல்லி நான் இன்னும் முன்னாடியே கேட்டிருக்கணும்ங்க. இருட்டுல இருந்த கொசுதான் புள்ளயக் கொண்டு போயிருச்சு" என்று தனம் அழுதாள். டிரெசர் சொன்னதை நான் அவளிடம் சொல்லவில்லை. மாரி அண்ணனும் சொல்லவில்லை. அவள் மனம் உடைந்துவிடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உங்களிடம் என்ன மறைக்க, வெட்டச் சொன்ன என்னை அவள் எப்படிப் பார்ப்பாளோ என்ற பயம்தான்.

அதன்பிறகு வாராவாரம் ஓடையில் கறுப்பு எண்ணெய் ஊற்றினார்கள். காய்ச்சல் குறைந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். பொடி மீன்களும் செத்தன. மீன் தேடி வந்த மீன்கொத்தி வரவில்லை. மழை பெய்தும் தவளைச் சத்தம் இல்லை. கடைசியில் அந்த வாடைதான் மிஞ்சியது.

போன வருஷம் போய்ப் பார்த்தேன். தோட்டம் துண்டு துண்டாக விற்றுப்போய்விட்டது. ஓடை ரோட்டுக்கு அடியில் குழாய்க்குள் ஓடுகிறதாம். முனியாண்டிக்குச் சிமெண்டில் கோயில் கட்டியிருக்கிறார்கள், மேலே தகரக் கூரை. மரம் இரண்டும் இல்லை. பத்து நிமிஷம்கூட நிற்க முடியாமல் அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிவிட்டேன்.

தனமும் இப்போது இல்லை. ஈப்போவுக்குக் குடிவந்த நாள் முதல் இந்தப் பின்கட்டுப் புதரை வெட்டச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருந்தாள். நாளைக்கு, நாளைக்கு என்று கடத்தினேன். பழைய சோம்பேறித்தனம் என்றே நினைத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தாள்.