விளைச்சல் குறையாமல் காத்த எஸ்தர் மேடம்

செவ்வாய்க்கிழமை காலையில் வாணியம்பாடி விவசாயி பஷீர் பாய் போனில் அழைத்தார். "சார், நம்ம எஸ்தர் மேடம் போய்ட்டாங்க." வாலாஜாபேட்டையில் மேடத்தின் வீட்டுக்கு நான் அஞ்சலி செலுத்தப் போனபோது தெரு முழுக்க நெல் விவசாயிகள் நின்றிருந்தார்கள்.

எங்கள் நெல் ஆராய்ச்சிப் பண்ணையில் மேடத்தின் வேலை விசித்திரமானது. நெல்லுக்குக் குலைநோயை வேண்டுமென்றே வரவழைப்பார். நோய்க்கிருமி கலந்த நீரை நாற்றுகள்மீது தெளித்து, ஈரக் கோணியால் மூடிவைப்பார். எந்த ரகம் தாங்குகிறது, எது கருகுகிறது என்று பருவந்தோறும் பார்ப்பார்.

"இன்னா மேடம், சம்பளம் வாங்கினு நோய் வளக்குறீங்க?" என்று பஷீர் பாய் கேலி செய்வார்.

"உங்க வயலுக்கு வர்றதுக்கு முன்னாடி என் வயலுக்கு வரட்டும் பாய்" என்பார் மேடம்.

ஒருமுறை நிதி ஒதுக்கீட்டுக் கூட்டத்தில் மேலதிகாரி கேட்டார்: "இத்தனை வருஷமா செலவு பண்றீங்க. ஏக்கருக்கு ஒரு மூட்டையாவது ஜாஸ்தியாச்சா?"

"ஆவல சார். கம்மியாவாம இருக்குதே, அதுக்குத்தான் இந்தச் செலவு. நோய் மாறிக்கினே இருக்குது. நாம பாக்குறத நிறுத்தினா, இருக்கிற விளைச்சலும் போய்டும்" என்றார் மேடம்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் வாய் திறக்கவில்லை. அந்த நிதி நான் உருவாக்கிக்கொண்டிருந்த புதிய நெல் ரகத்துக்கு வரட்டும் என்று நினைத்தேன். பாதி வந்தது. மேடம் மிஞ்சிய பாதியில் வேலையைத் தொடர்ந்தார். என்னிடம் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை.

சுருங்கிப்போன அந்த வயலில்தான், அதுவரை நோயே அண்டாத ஒரு ரகத்தின் இலைகளில் புள்ளிகளைக் கண்டார். பாலாற்றுப் பக்கம் பெரும்பாலோர் விதைத்தது அந்த ரகம். தாங்கி நின்ற இன்னொரு ரகத்தின் விதையைப் பெருக்கச் சொல்லி அதிகாரியின் அறைக்கு நடையாய் நடந்தார். விதை தயாரானதும் ஊர் ஊராகப் போய், மாற்றச் சொல்லிக் கெஞ்சினார்.

மறுவருடம் மார்கழிப் பனியில் குலைநோய் இறங்கியது. பழைய விதை போட்ட சில வயல்கள் கருகின. மற்றவை கதிர் கனத்து நின்றன. அதே அதிகாரி வந்து பார்த்தார். "எவ்ளோ தேறும்?" என்று பஷீர் பாயிடம் கேட்டார்.

"போன வருஷம் வந்ததேதான் சார். ஒரு மூட்டை கம்மியில்ல!"

அதிகாரி வரப்பிலேயே மேடத்தைப் பார்த்துக் கைகூப்பினார். நிதி முழுவதும் திரும்பக் கிடைத்தது. "ஜெயிச்சிட்டோம் குமார்!" என்று மேடம் என் முதுகில் ஓங்கித் தட்டினார். அந்த வெற்றியில் என்னையும் சேர்த்துக்கொண்டாரே, அதுதான் அவர்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒரு பெருமிதம். பேருந்து பாலாற்றங்கரையில் திரும்பும்போது, போன வருடத்தைப் போலவே நிற்கும் நெல்லைப் பார்க்கிறேன். யாரும் வியக்காத அந்தப் பச்சையைப் பார்த்து என் நெஞ்சு நிமிர்கிறது.