திரைச்சீலைத் தடி என்று நான் சொன்ன துவக்கு

எனக்கு எழுபத்தேழு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். ஐவரும் சொந்தக் காலில் நிற்கிறார்கள். நான் படித்தது நாலாம் வகுப்பு வரைதான். எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன், மெல்ல ஆறுதலாக எழுதுகிறேன். ஆனாலும் ஒருவர் முன்னாலும் தலை குனிந்து நின்றவள் இல்லை. போன புரட்டாசி வரைக்கும் அப்படித்தான் இருந்தேன்.

தைப்பொங்கலுக்கு வரப்போகிற கோவில் மலருக்கு வயதானவர்களும் ஏதாவது எழுதித் தரவேண்டும் என்று கேட்டார்கள். மற்றவர்கள் ஊர்த் தேரைப் பற்றி எழுதுவார்கள். நான் ஒரு துவக்கைப் பற்றி, வெடி வைத்துச் சுடுகிற துவக்கைப் பற்றி எழுதுகிறேன்.

டென்மார்க்கில், கோல்டிங் நகரில் நான் கடைசி மகளோடும் அவளுடைய ஒரே பிள்ளையோடும் இருக்கிறேன். மருமகன் பிரிந்து போய்விட்டார். அது கோவிலில் எல்லாருக்கும் தெரிந்த கதை, இங்கே ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை. அதற்குப் பிறகு மகள் வயோதிபர் இல்லத்தில் வேலை செய்வதும், வந்து சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பதுமாக இருந்தாள். நான் ஆக்கிப் போட்டதைக் கிண்டிவிட்டு எழும்பிவிடுவாள்.

அவளோடு வேலை செய்கிற டேனிஷ்காரி ஒருத்தியின் வீட்டார் வேட்டைக்குப் போகிறவர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பற்றைக்குள் தடியால் தட்டிப் பறவைகளைக் கலைத்துவிட ஆள் வேண்டும் என்று இவளைக் கூட்டிப் போனார்கள். பின்னேரம் முழங்கால் மட்டும் சேற்றோடு வந்து நின்றாள். கன்னம் இரண்டும் சிவந்திருந்தது. இரண்டாம் முறையும் சோறு கேட்டாள். சட்டியை முழுதாகக் கவிழ்த்துப் போட்டேன்.

பிறகு அவள் வகுப்புக்குப் போனாள், சோதனை எடுத்தாள், வேட்டைக்கான அனுமதியும் எடுத்தாள். கனடாவில் இருக்கிற என் மூத்த மகனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அங்கே சித்திரை, வைகாசியில் காட்டு வான்கோழி சுட விடுவார்களாம். அவன் தன் கூட்டாளிகளோடு போகிறவன். "அம்மாவையும் கூட்டிக்கொண்டு வா, நீ சுடு, அம்மா கறி வைக்கட்டும்" என்று தங்கச்சிக்குச் சொல்லிவிட்டான். நான் அவனைக் கண்டு கனகாலம்.

ஒரு நாள் மகள் கேட்டாள்.

"அம்மா, சனிக்கிழமை வைலேயில துவக்குப் பாக்கப் போறன். வாறியளோ?"

"நான் வந்து என்னடி செய்ய?"

"உங்கட ஐயா துவக்கு வைச்சிருந்தவர்தானே. வேற ஆரைக் கூட்டிக்கொண்டு போக? அண்ணை போனில நிண்டு பெரிசா வாங்கு, பெரிசா வாங்கு எண்டு கத்துறார்."

என் ஐயா வன்னியில் வயல் செய்தவர். காட்டுப் பன்றிக்குக் காவலாக லைசென்ஸ் துவக்கு ஒன்று வைத்திருந்தார். துடைத்து முடிந்ததும் என்னைக் கூப்பிட்டுக் குழலுக்குள்ளால் வெளிச்சத்தைப் பார்க்கச் சொல்வார். எங்கள் ஆட்களுக்குத் துவக்கு என்றால் பிற்காலத்துச் சண்டைத் துவக்குத்தான் ஞாபகம் வரும். எனக்கு அதற்கு முந்தினதும் ஒன்று இருக்கிறது. மகள் அதை நினைத்து என்னைக் கேட்டது எனக்குப் பெருமையாக இருந்தது. நல்ல சேலை உடுத்திக்கொண்டு பக்கத்து நகரமான வைலேக்குப் போனேன்.

கடைக்காரர் என்னைவிடக் கொஞ்சம் இளமையான மனிதர். வாசலிலேயே என் கையைப் பிடித்துக் குலுக்கினார். மகள் இங்கே ஃபஸான் சுடவும் வேண்டும், கனடாவில் வான்கோழி சுடவும் வேண்டும் என்று டேனிஷில் சொன்னாள். ஃபஸான் என்பது நீண்ட வால் பறவை, ஐப்பசியில் சுடத் தொடங்குவார்கள். வான்கோழி என்றதும் அவர் வாய்விட்டுச் சிரித்தார். என்ன சொல்கிறார் என்று கேட்டேன்.

"இஞ்ச வான்கோழி சுப்பர்மார்க்கட்டில ஐஸ் பிடிச்சுக் கிடக்காம், அதுக்குத் துவக்குத் தேவையில்லையாம்."

"அதைக் கறி வைச்சவர் எண்டால் சிரிக்க மாட்டார் எண்டு சொல்லு. சக்கை."

அவள் அதையும் சொன்னாள். அவருக்கு இன்னும் சிரிப்பு.

பிறகு வேலைக்கு வந்தார். ஃபஸான் பறக்கிற பறவை, துவக்கு அதன் பின்னால் ஓடவேண்டும், ஆகவே பாரமில்லாமல் இருப்பது நல்லது. வான்கோழி நிலத்தில் நடந்து வருவது. மரத்தில் சாய்ந்து அசையாமல் இருந்து, கழுத்தைப் பார்த்து ஒரே வெடி. அதற்குச் சன்னம் சிதறாமல் போகவேண்டும். இரண்டுக்கும் ஒரு துவக்குத்தான் என்றால், குழல் வாயில் திருகிப் பூட்டுகிற சின்னக் குழாய்களை மாற்றிக்கொள்ளலாம். இவ்வளவையும் மகள் எனக்குத் தமிழில் சொல்லும்வரை அந்த மனிதர் பொறுமையாக நின்றார்.

முதலில் பன்னிரண்டு போர்த் துவக்கு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். போர் என்பது குழலின் அளவு, மூத்தவன் சொன்ன பெரிய துவக்கு அதுதான். கண்ணை மூடு, தோளில் வை, இப்போது கண்ணைத் திற என்றார். கண் குழலோடு நேராகப் பார்த்தால் அந்தத் துவக்கு அந்த ஆளுக்குரியது. மகளுக்கு அது நீளம். கன்னம் மரப்பிடியில் படியவில்லை, நுனி நடுங்கியது. இன்னொன்று, அதுவும் சரிவரவில்லை. தன்னுடைய குளிர்ச் சட்டையைக் கழற்றி அவளுக்குப் போட்டுவிட்டு மறுபடி பிடிக்கச் சொன்னார். மொத்தமான குளிர்ச் சட்டையோடுதானே வெளியில் நிற்கப் போகிறாள்.

கடைசியாக இருபது போர் ஒன்று வந்தது; இலக்கம் கூடினால் குழல் சின்னதாம். மேலும் கீழுமாக இரண்டு குழல். கண்ணை மூடித் தூக்கினாள். கன்னம் தானாகப் போய்ப் படிந்தது. கண்ணைத் திறந்து அப்படியே நின்றாள். தோள் இறங்கி, வாய் கொஞ்சம் திறந்து, சின்ன வயதில் நூல் கோக்கும்போது இருக்கிற அந்த முகம். மருமகன் போன பிறகு நான் அதைக் கண்டதில்லை.

"இதுதான்" என்றேன்.

"அண்ணை சின்னன் எண்டு சொல்லுவார்."

"கொண்ணனோ பிடிக்கப் போறான்? நீதானே."

கடைக்காரர் துவக்கை என்னிடம் நீட்டினார். வாங்கி, நடுவில் முறித்துத் திறந்து, குழலைக் கண்ணாடி யன்னல் பக்கம் பிடித்து உள்ளே பார்த்தேன். மாசு மறு இல்லை. நானும் சுடுகிறனானோ என்று கேட்டார். இல்லை என்பதற்கு "நெய்" என்று நானே டேனிஷில் சொன்னேன். மகள் சிரித்த சிரிப்பு கடை முழுவதும் கேட்டது.

திரும்பி வரும்போது கோல்டிங்கில் எங்கள் ஆட்களுடைய சாமான் கடையில் நிறுத்தினோம். துவக்கைத் தனிய விட்டுவிட்டு வரக்கூடாது என்று மகள் காரடியில் நின்றுகொண்டாள். நான் உள்ளே போய்க் கருவேப்பிலை வாங்கினேன். அங்கே, கோவிலில் நவராத்திரி ஒழுங்குகள் செய்கிற, நான் தங்கச்சி என்று கூப்பிடுகிற ஒருவரைக் கண்டேன். அவர் கதைத்துக்கொண்டே என்னோடு கார்வரைக்கும் வந்தார். மகள் பையை வைப்பதற்குப் பின்கதவைத் திறந்தாள். உள்ளே அந்த நீளக் கறுப்புப் பெட்டி கிடந்தது.

"என்னக்கா இது, இவ்வளவு நீளத்தில?"

மகள் வாயைத் திறந்தாள். அவள் முகத்தில் இன்னும் கடையில் சிரித்த சிரிப்பு இருந்தது. சொல்லத்தான் போனாள். நான் முந்திக்கொண்டேன்.

"திரைச்சீலைத் தடி, தங்கச்சி. யன்னலுக்கு."

ஏன் சொன்னேன்? புருஷன் இல்லாத பெட்டை துவக்கோடு திரிகிறாள் என்று கோவில் சமையலறையில் கதைப்பார்கள் என்ற பயம். கதைத்தால் என்ன என்று அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவில்லை. ஒருவருக்கும் பயமில்லை என்று சொல்லித் திரிந்த வாய் இது.

"நல்லதாப் போச்சு. நானும் ஒண்டு தேடுறன். எந்தக் கடை?"

"வைலேயில" என்றேன். அதுவாவது உண்மை.

காரில் ஏறியதும் மகள் பெல்ட்டைப் போட்டாள். பிறகு சொன்னாள்.

"திரைச்சீலைத் தடியைப் பொலிஸில பதிஞ்சு வாங்கின முதல் ஆக்கள் நாங்கள்தான் அம்மா."

பகிடிபோலத்தான் சொன்னாள். நான் சிரிக்கப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை.

"நான் என்ன களவெடுத்தனானோ?" என்று கேட்டாள்.

ஆயுத பூசைக்கு எங்கள் வீட்டில் எல்லாரும் தங்கள் தொழிலுக்கும் படிப்புக்கும் உரியதைக் கும்பத்தடியில் வைப்போம். நான் என் தேங்காய்த் துருவலையும் கத்தியும் வைப்பேன். பேத்தி கணினியை வைப்பாள். மகள் வழக்கமாகப் பிறஷர் பார்க்கிற கருவியை வைப்பாள். அந்த முறை பூசைக்கு முதல் நாள் குசினியில் வந்து நின்று கேட்டாள்.

"அம்மா, அதையும் வைக்கட்டோ? வெறுந் துவக்குத்தான், நான் பக்கத்தில நிப்பன். ஆயுதம் எண்டால் அதுதானே ஆயுதம்."

ஆசையாகக் கேட்டாள். நான் கடலை அவித்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்க்காமலே சொன்னேன். "வேண்டாம் பிள்ளை, நாளைக்கு ஆக்கள் வருவினம்."

அடுத்த நாள் கும்பத்தடியில் அவளுடைய பொருள் ஒன்றும் இல்லை. பிறஷர் கருவியும் இல்லை. துருவலைக்கும் கணினிக்கும் நடுவில் வெற்றிடம். அதில் பூவைப் பரப்பி மறைத்தேன்.

பெண்கள் வந்தார்கள். அந்தத் தங்கச்சியும் வந்தார். தேவாரம் படித்து முடிந்து, கடலையும் அவலும் கையில் வாங்கிக்கொண்டு இருந்தவர் யன்னலைப் பார்த்தார். எங்கள் யன்னலில் திரைச்சீலையே இல்லை. வெறும் கண்ணாடியும் இரண்டு பூச்சாடியும்தான்.

"எங்கக்கா உங்கட புதுத் தடி?"

எல்லாரும் யன்னலைப் பார்த்தார்கள். தட்டோடு நின்ற மகள் சொன்னாள்.

"அளவு சரிவரேல்லை அன்ரி. திருப்பிக் குடுத்திட்டம்."

சாதாரணமாகச் சொல்லிவிட்டு மற்றவர்களுக்குக் கடலை கொடுக்கப் போனாள். பொய் சொல்லிப் பழக்கமில்லாத பிள்ளை. என் மானத்தைக் காப்பாற்ற, தன் துவக்கைத் தானே இல்லை என்று சொன்னாள். அப்போதாவது நான் எழும்பிச் சொல்லியிருக்கலாம். ஒரு சொல்தானே. நான் கையில் இருந்த கடலையைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

எல்லாரும் போன பிறகு குசினிக்குப் போனேன். அவள் தட்டுக் கழுவிக்கொண்டு நின்றாள்.

"பிள்ளை, அதை எடுத்துக்கொண்டு வா. பொட்டு வைப்பம்."

அவள் திரும்பவில்லை.

"இப்ப ஒருத்தரும் இல்லை எண்டபடியாலோ அம்மா?"

கோபமாகக் கேட்டிருந்தால் நானும் கோபித்திருப்பேன். அவள் கோபமாகக் கேட்கவில்லை. மெதுவாகத்தான் கேட்டாள். நான் சாமியறைக்குப் போய், பூவை விலக்கி, அந்த வெற்றிடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஐப்பசியில் வேட்டை தொடங்கியது. அவள் போகிறாள், வருகிறாள். சுட்ட ஃபஸானை வேறெங்கோ வைத்து உரித்துத் துப்புரவாக்கி, கடையில் வாங்கின கோழிபோலப் பையில் போட்டுத்தான் கொண்டு வருகிறாள். வீட்டுக்குள் ஓர் இறகு விழுவதில்லை. யாராவது வந்தால் எனக்கு வெட்கமாகிவிடும் என்று நினைக்கிறாள். முன்பென்றால் எந்தப் பற்றையில் எழும்பியது, எப்படிச் சுட்டது என்று எனக்குச் சொல்லியிருப்பாள். இப்போது "பிரட்டலாக வையுங்கோ அம்மா" என்று மட்டும் சொல்கிறாள். கனடாவுக்குப் போகிற கதையில் என் பெயர் வருவதில்லை. நானும் கேட்கவில்லை. கேட்க எனக்கு என்ன முகம் இருக்கிறது?

அவளிடம் தனியாக மன்னிப்புக் கேட்கலாம்தான். ஆனால் நான் அவளை ஆட்களுக்கு முன்னால்தான் மறைத்தேன். குசினியில் கேட்கிற மன்னிப்பு அதற்குக் காணாது. ஆகவே கோவில் மலரைக் கையில் எடுக்கிற எல்லாருக்கும் சொல்கிறேன். அன்றைக்குக் காரில் இருந்தது திரைச்சீலைத் தடி இல்லை. அது துவக்கு. என் கடைசி மகள் தன் உழைப்பில், தன் தோளுக்கு அளவாகப் பார்த்து வாங்கியது. நானும் கூடப் போய்த் தெரிந்தெடுத்தேன். அதில் அவள் வான்கோழி சுடப் போகிறாள். திருப்பிக் கொடுக்கவில்லை. அந்தத் தங்கச்சி என்னைக் கோவிக்கட்டும், அது நியாயம். என் மகளைக் கோவிக்க வேண்டாம். வருகிற ஆயுத பூசைக்குக் கும்பத்துக்கு வலப்பக்கம், அவள் சம்மதித்தால், அதற்கு இடம் இருக்கிறது. எல்லாரும் வாருங்கள்.

இதைக் கொடுத்தனுப்ப முதல் என் பேத்தியைக் கூப்பிடுகிறேன். சனிக்கிழமைப் பள்ளியில் படித்த தமிழ் அவளுக்கு இது வாசிக்கப் போதும்.

பிள்ளை, இஞ்ச வா. உந்த போனை அங்கால வை. இதை முதலில இருந்து வாசி பாப்பம். பிழை இருந்தால் இருக்கட்டும், நீ நிப்பாட்டாதை. உரத்து வாசி, உன்ர அம்மா குசினியில நிக்கிறா.