உப்பும் தண்ணீரும்தானே, அப்பா

பத்தேகால் மணி

சனிக்கிழமை காலை பத்தேகால் மணிக்குச் செங்கோடன் அலறினான். நேரம் எனக்கு உறுதியாகத் தெரியும். நாப்தால் தொட்டியில் ஊறுகிற நூல் சிட்டத்தைக் கடிகாரம் பார்த்துத்தான் வெளியே எடுப்போம். நான் அப்போது சுவர்க் கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

குமாரபாளையத்தில் ஆற்றோரமாக இருக்கும் ஒரு சாயப் பட்டறையில் நான் கலர் மேஸ்திரி. ஸ்கூல் ஃபைனல் வரை படித்தவன். செங்கோடன் என்னோடு வேலை செய்பவன். ஒரே சிவப்பில் நாலு சிட்டம் கொடுத்தால், வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து எது எந்தத் தொட்டியில் முக்கியது என்று சொல்லிவிடுவான். அவன் பிழைப்பே கண்தான். ஐந்தாம் பாரம் படிக்கும் என் மகள் சரசுவதியை, பிள்ளைகளே, உங்களுக்குத் தெரியும். உங்கள் வகுப்பில் முதல் பெஞ்சில் உட்காருகிறவள். நடந்ததை வந்து சொல்லச் சொல்லி உங்கள் சயன்ஸ் வாத்தியார் கேட்டார். உங்கள் முன்னால் நின்று பேச என்னால் ஆகாது. அதனால் எழுதித் தருகிறேன்.

எங்கள் சிவப்பு இரண்டு தொட்டியில் பிறக்கிறது. முதல் தொட்டியில் காஸ்டிக் சோடாவில் கரைத்த நாப்தால் என்ற சாயச் சரக்கு. இரண்டாவதில் திராவகம் சேர்த்த கலர். முதலில் ஊறிய நூல் இரண்டாவதில் இறங்கியதும் பளிச்சென்று சிவக்கும். ஆகவே ஒரு பக்கம் காஸ்டிக் பானையும் மறுபக்கம் உப்புத் திராவக (ஹைட்ரோகுளோரிக் ஆசிட்) ஜாடியும் எப்போதும் இருக்கும். அந்த ஜாடி பெரிய கண்ணாடி ஜாடி, வைக்கோல் வைத்து மூங்கில் கூடையில் இறக்கியிருக்கும். அதிலிருந்து ரப்பர் குழாய் வைத்துத்தான் திராவகம் இறக்க வேண்டும். உலகச் சண்டை தொடங்கிய பிறகு ஜெர்மன் சாயமே வரவில்லை, ரப்பர் குழாய் எங்கே வரும்? இருந்த குழாய் வெடித்துப்போயிருந்தது. செங்கோடன் ஜாடியைச் சாய்த்து ஊற்றினான். காற்று உள்ளே போய்க் குபுக்கென்று துள்ளியது. இடது கண்ணிலும் கன்னத்திலும் பட்டுவிட்டது.

"ஐயோ, கண்ணு! மேஸ்திரி, கண்ணு போச்சுங்க!"

"தேய்க்காத! கையை எடு! தேய்க்காத!" என்று கத்திக்கொண்டே குடத்தை எடுத்தேன். பட்டறைக்குள் இருந்ததெல்லாம் சாயத் தண்ணீர். நல்ல தண்ணீருக்குப் பின்பக்கம் ஆற்றுப் படிக்கு ஓட வேண்டும். ஓடினேன்.

சரசுவதி அப்போதுதான் எனக்குச் சோறு கொண்டுவந்து வாசலில் நின்றாள். நான் குடத்தோடு திரும்பியபோது செங்கோடன் தரையில் மல்லாந்து கிடந்தான். அவள் அவன் தலைமாட்டில் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தாள். கையில் கொட்டாங்கச்சி. காஸ்டிக் பானையின் மூடி திறந்திருந்தது.

"என்னடி ஊத்துன?"

"காஸ்டிக்குங்கப்பா. ஆசிடும் பேஸும் சேந்தா உப்பும் தண்ணியும் ஆயிருமுங்க. உப்பும் தண்ணீரும்தானே, அப்பா? கண்ணீரும் அதுதானே?"

அவள் முகத்தில் பயமே இல்லை. விடை சரியாகச் சொன்ன பிள்ளையின் முகம். அந்த முகம்தான் இன்றும் என்னைத் தூக்கத்தில் எழுப்புகிறது.

"சுடுதுங்க! வேகுதுங்க!" என்று செங்கோடன் புரண்டான். அவன் கன்னத்தில் கை வைத்தேன். உண்மையாகவே சுட்டது.

ஆற்றுப் படியில்

அக்குளில் கை கொடுத்து இழுத்துக்கொண்டு போய் ஆற்றுப் படியில் அவனைச் சாய்த்தேன். இமையை விரல்களால் பிரித்துப் பிடித்துக்கொண்டேன். சரசுவதி சொம்பில் தண்ணீர் மொண்டு ஊற்றினாள். முதல் சொம்பு பாதி என் மேல்தான் விழுந்தது.

திராவகம் தோலைச் சுடும், அங்கேயே நிற்கும். காஸ்டிக் அப்படி இல்லை. வழவழவென்று உள்ளே இறங்கிக்கொண்டே இருக்கும். பட்டறையில் விரல் இடுக்கில் பட்ட காஸ்டிக், கழுவிவிட்டோம் என்று நினைத்த பிறகும் சாயங்காலம் வரை அரிக்கும். விரலுக்கே அப்படி. இது கண்.

அதற்குள் செங்கோடன் சம்சாரம் குப்பாயி ஓடிவந்தாள். கூடவே தெருவில் பாதிப் பேர். கைக்குழந்தைக்காரி ஒருத்தியையும் இழுத்து வந்திருந்தாள்.

"தள்ளுங்க மேஸ்திரி. தாய்ப்பால் உட்டாச் சரியாப் போயிருமுங்க. எல்லாருக்கும் அப்படித்தானுங்க பண்ணுவோம்."

"இது தூசி விழுந்த கண்ணு இல்லம்மா. கொஞ்சம் பொறு. தண்ணி ஊத்தறத நிறுத்தக் கூடாது."

யாரோ நடந்ததை அவள் காதில் போட்டுவிட்டார்கள். அவள் சரசுவதியைத் திரும்பிப் பார்த்தாள்.

"உன்ற படிப்பக் கொண்டாந்து எங்கூட்டுக்காரரு கண்ணுலயா ஊத்துன?"

கூட்டத்தில் ஒருவர், "பொட்டப் புள்ளைக்கு எதுக்குங்க சயன்ஸு? சமைக்கச் சொல்லிக் குடுத்திருந்தா அடுப்போட போயிருக்கும்" என்றார். யாரும் சிரிக்கவில்லை. நான் இமையை இன்னும் அகலப் பிரித்தேன்.

கொஞ்ச நேரத்தில் செங்கோடன், "இப்பத் தேவலைங்க, எரிச்சல் மட்டுப்பட்டிருச்சு" என்றான். ஆற்றுத் தண்ணீரின் குளிர்ச்சி அது. எனக்கோ முழங்கால் மரத்துவிட்டது. ஈரோட்டு பஸ் வரும் நேரம். "போதும், கிளம்பலாம்" என்று இமையை விட்டேன்.

சரசுவதி சொம்பைப் போட்டுவிட்டுப் பட்டறைக்குள் ஓடினாள். பயந்து ஓடுகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ஆனால் திரும்பி வந்தாள். கையில் மஞ்சள் காகிதம்.

சாயக்காரர்கள் எல்லோரிடமும் அது இருக்கும். மஞ்சள் சாற்றில் நனைத்து உலர்த்திய காகிதத் துண்டு. நூலை அலசிய தண்ணீரில் காஸ்டிக்கின் காரம் மிச்சமிருந்தால் அது செம்மையாக மாறும். ஆரத்தித் தண்ணீர் சுண்ணாம்பு பட்டுச் சிவப்பதும் இதே காரணத்தால்தான்.

அவள் குனிந்து, செங்கோடன் கண்ணோரத்திலிருந்து வழிந்த நீரை அந்தக் காகிதத்தில் ஒற்றினாள். செங்கல் நிறமாகச் சிவந்தது.

"அப்பா, நிறுத்தாதீங்க. இன்னும் செவக்குதுங்க. உள்ளே காரம் இருக்குதுங்க."

பஸ் ஹாரன் அடித்தது. குப்பாயி, "பஸ்ஸு போயிருமுங்க!" என்று அழுதாள். ஒரு பக்கம் டாக்டர், ஒரு பக்கம் காகிதம். சரசுவதியின் படிப்பால் ஒரு முறை கெட்டாயிற்று, இப்போது அவள் சொல்லைக் கேட்பதா? காகிதத்தைப் பார்த்தேன். அது யார் சொல்லும் இல்லை. கண்ணெதிரே சிவந்திருந்தது.

"பஸ் போகட்டும்" என்றேன்.

மறுபடி ஊற்றினாள். ஒற்றினாள். சிவந்தது. ஊற்றினாள். சிவப்பு வெளிறி ஆரஞ்சாயிற்று. அதன்பின் எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. கடைசியில் ஒரு துண்டு நனைந்தும் மஞ்சளாகவே நின்றது. இன்னொன்றைக் கிழித்துப் பார்த்தாள். அதுவும் மஞ்சள். அப்போதுதான் அவள் அழ ஆரம்பித்தாள்.

கரி பஸ்

அடுத்த பஸ், பெட்ரோல் கிடைக்காத காலமாதலால், கரியில் ஓடுவது. பவானிப் பாலத்து ஏற்றத்தில் நின்று நின்று இரைத்தது. செங்கோடன் தலை என் மடியில் இருந்தது. "மேஸ்திரி, ஒத்தக் கண்ணுல செவப்புக்கும் அரக்குக்கும் வித்தியாசம் தெரியுமுங்களா?" என்று கேட்டான். "தெரியும்" என்றேன். எனக்குத் தெரியாது.

ஈரோட்டு ஆஸ்பத்திரி டாக்டர் வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னிடம், "காஸ்டிக் ஊத்துன புத்திசாலி யாரு?" என்றார்.

"எம் பொண்ணுங்க."

"சரி. இவ்வளவு நல்லாக் கழுவச் சொன்னது யாரு?"

"அவதானுங்க."

அவர் மருந்து போட்டுக் கட்டினார். "கட்டு அவிழ்த்த பிறகுதான் பார்வை என்னன்னு சொல்ல முடியும்" என்றார்.

வாத்தியாரிடம் கேட்டது

அன்றிலிருந்து சரசுவதி பள்ளிக்கூடம் போகவில்லை. புத்தகத்தை எடுக்கச் சொன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொள்வாள். நான் உங்கள் வாத்தியாரைப் பார்க்கப் போனேன். சண்டை போடத்தான் போனேன். நடந்ததைச் சொல்லி முடித்ததும் அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"அந்த ஈக்வேஷனை எழுதினா முழு மார்க்குங்க" என்றார். "சூடு வருமா, எவ்வளவுக்கு எவ்வளவுன்னு பரீட்சையில கேக்க மாட்டாங்க."

"செஞ்சு காட்டுனீங்களா?"

"காட்டினேன். என் மேசை மேல, டெஸ்ட் ட்யூபில. பிள்ளைங்க பெஞ்சுல இருந்தே பாத்தாங்க. தொட விட்டதில்லைங்க. உடைஞ்சா இந்தக் காலத்துல வேற ட்யூப் எங்கே வாங்கறது?"

"தொட்டிருந்தா சுட்டிருக்குமே, சார். சுட்டிருந்தா என் பொண்ணு அதைக் கண்ணுல ஊத்துவாளா?"

அடுத்த வாரம் அவர் ட்யூபை உங்கள் கையில் கொடுத்தார். நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஒருவன், "சார், சுடுதுங்க!" என்று ட்யூபைக் கீழே போடப் பார்த்தான். நீங்கள் சிரித்தீர்கள். எனக்குக் கண் கலங்கியது.

சயன்ஸில் நீங்கள் என்ன படிக்க வேண்டும் என்று சொல்ல நான் பெரிய ஆள் இல்லை. சாயக்காரனாகக் கேட்டுக்கொள்கிறேன். எது எதோடு சேர்ந்தால் என்ன ஆகும் என்பதோடு நிறுத்தாதீர்கள். எவ்வளவுக்கு எவ்வளவு என்று கேளுங்கள். ஆகும்போது சுடுமா, பொங்குமா என்று கையால் அறிந்துகொள்ளுங்கள். முடிந்துவிட்டது என்று எதை வைத்துச் சொல்கிறோம் என்றும் கேளுங்கள். சரசுவதி புத்தகத்தில் படித்தது முழுக்க உண்மை. உப்பும் தண்ணீரும்தான் மிஞ்சும், அளவு சரியாக இருந்தால், கண்ணாடிக் குழாயில். மனிதன் மேல் பட்டால் வெறும் தண்ணீர்தான், நிறைய, நெடுநேரம். வேறு எதையும் தேடி ஓடக் கூடாது. இது கேள்வித்தாளில் வராவிட்டாலும் படித்துக்கொள்ளுங்கள்.

நேற்று சாயங்காலம் எங்கள் வீட்டு வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. செங்கோடன், பின்னால் குப்பாயி. கட்டு இல்லை. இடது கண்ணில் மெல்லிய வெள்ளைப் படலம். உள்ளே போய் இரண்டு சிட்டம் கொண்டுவந்து அவன் முன் பிடித்தேன். அவன் வலது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டான். வெகுநேரம் பார்த்தான்.

"பனிக்குள்ள பாக்கற மாதிரி இருக்குதுங்க. ஆனா இது செவப்பு, அது அரக்கு. அரக்கு சரியா அலசலைங்க, யாரு முக்குனது?"

முக்கியது நான்தான். குப்பாயி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

சரசுவதி சமையல் அறைக் கதவுக்குப் பின்னால் நின்றாள். செங்கோடன் அவளைப் பார்த்துவிட்டான்.

"சாமி, இங்க வா. பள்ளிக்கூடம் போறதில்லையாமா? நாளைக்குப் போயிரோணும். பரிச்சையில அந்தக் கேள்வி வந்துதுன்னா, எங்கண்ணையும் சேத்தி எழுதிப்போடு."