மழை வேண்டாம் என்று ஜெபித்தேன்

2006 அக்டோபர், தீபாவளிக்கு முந்தின வாரம். அந்த நாட்களில் என் ஜெபம் ஒன்றே ஒன்றுதான்: மழை பெய்யக் கூடாது.

ஏழாயிரம்பண்ணைக்குப் பக்கத்தில் எனக்குச் சிறிய பட்டாசுக் கம்பெனி. அந்த சீசனில் தாங்கும் அளவுக்கு மேல் ஆர்டர் எடுத்திருந்தேன். லோடு முழுதும் போய்விட்டால் பக்கத்துக் கம்பெனியையும் வாங்கிவிடலாம். வேதம் வாசிக்க உட்கார்ந்தாலும் அதன் வாசல்தான் கண்ணில் நின்றது.

என் மனைவி எஸ்தரின் அண்ணனுக்கு மல்லாங்கிணற்றில் மானாவாரி நிலம். பருத்தி முளைத்து வாடிக்கொண்டிருந்தது. சபையில் மழைக்காக உபவாச ஜெபம் வைத்தார்கள். நான் போகவில்லை. எஸ்தர் போனாள்.

“நீங்க வேண்டாம்னு கேளுங்க. நான் வேணும்னு கேக்கேன். யாரு பேச்சக் கேக்காருன்னு பாப்போம்” என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

வியாழக்கிழமை மதியம் மேகம் கூடியது. தூரத்தில் இடி. இடி கேட்டால் வேலையை நிறுத்தி ஆட்களை அனுப்பிவிட வேண்டும். போர்மேன் மாரியப்பன் வந்து நின்றார்.

“அண்ணாச்சி, ஆளுகள அனுப்பிருவோமா?”

“இடி சாத்தூர்ப் பக்கம் கெடக்கு. ஒரு மணி நேரம் பாப்போம்.”

அவர் நகரவில்லை. “உள்ள இருக்கது நீங்களும் நானும் இல்லயே, அண்ணாச்சி.”

ஆண்டவரே, இன்று மட்டும் என்று ஜெபித்தேன்.

மழை கொட்டியது. களத்தில் காயப்போட்ட வெடியெல்லாம் ஊறிப்போயிற்று. இனி ஆட்களை நிறுத்திவைத்து என்ன செய்ய? போகச் சொன்னேன். பெண்கள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு வேனுக்கு ஓடினார்கள். வேன் வாசலைத் தாண்டியது. இடி விழுந்தது. வெடிமருந்து செலுத்தும் அறை இருந்த இடத்தில் புகையும் செங்கல்லும்தான் மிச்சம். கொஞ்சம் முன்புவரை அதற்குள் நான்கு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

எனக்கு அழுகை வரவில்லை. பயம்கூட வரவில்லை. நனைந்துகொண்டே நின்றேன். மாரியப்பன்தான் கையைப் பிடித்து வீட்டில் கொண்டுவந்து விட்டார். எஸ்தர் தலையைத் துவட்டினாள். “யாருக்கும் ஒண்ணும் இல்லல்லா?” என்று மட்டும் கேட்டாள். தலையசைத்தேன்.

கிறிஸ்துமஸ் வரை அப்படியே இருந்தேன். ஆராதனையில் வாய் பாடியது. உள்ளே ஒன்றும் அசையவில்லை. ஒன்று மட்டும் விளங்கியது. நான் கேட்டது கிடைத்திருந்தால் நான்கு வீடுகளில் ஒப்பாரி கேட்டிருக்கும். ஆண்டவர் என் ஜெபத்தைத் தள்ளி, என் மனைவியின் ஜெபத்தைக் கேட்டார். அதனாலேயே என்னையும் காப்பாற்றினார்.

பக்கத்துக் கம்பெனியை வேறொருவர் வாங்கிவிட்டார். என்னுடையது சின்னதாகவே நடக்கிறது. இப்போது மேகம் கூடினாலே ஆட்களை அனுப்பிவிடுகிறேன். இதைச் சொல்லும்போது இன்னும் எனக்குக் கண்ணீர் வருவதில்லை. ஆனால் சபை மழைக்கு ஜெபித்தால் முதல் ஆமென் என்னுடையது.

அன்பானவர்களே, நீங்கள் விடாமல் கேட்டும் ஏதாவது கிடைக்காமல் இருந்தால், அவரை விட்டு விலகாதீர்கள். கேளுங்கள்; கொடுப்பதையும் மறுப்பதையும் அவர் கையில் விடுங்கள். எனக்கு அவர் மறுத்த அந்த ஒரு மணி நேரத்துக்காக இன்றும் ஸ்தோத்திரம் சொல்கிறேன்.